ஆற்றுக்கு ஒரு நம்பர் கொடுங்கள்

மலேசியாவின் பேராக், சிலாங்கூர் மாநிலங்களுக்கு நடுவே ஓடும் பெர்னாம் ஆற்றின் இரு கரை மாவட்ட அதிகாரிகளுக்கும், அந்த ஆற்றில் ஏதோ ஒரு பங்கு உள்ள எல்லா அலுவலகங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வீட்டுக்குள் பாம்பு வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எங்கள் தோட்டப் பட்டணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போம்பாவை, அதாவது தீயணைப்புப் படையைக் கூப்பிடுவோம், இல்லையென்றால் பெர்த்தஹானான் ஆவாம் என்ற பொதுத் தற்காப்புப் படையை. ஆற்றில் முதலை தலை காட்டினால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான். கரண்டு போனால் 15454. உயிருக்கு ஆபத்தென்றால் 999. ஆனால் ஒருவர் ஆற்றில் கண்மண் தெரியாமல் படகை ஓட்டி, அந்த அலையில் இன்னொருவருடைய சம்பான், அதாவது சின்னத் துடுப்புப் படகு, கவிழ்ந்தால் யாரைக் கூப்பிட வேண்டும்? ஏழு மாதமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதினொரு முறை போன் செய்தாயிற்று, மூன்று அலுவலகங்களுக்கு நேரில் போயாயிற்று, இணையத்தில் ஒரு புகாரும் போட்டாயிற்று. பதில் கிடைக்காததால் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. யாரிடம் எந்தத் தேதியில் பேசினேன், என்ன சொன்னார்கள் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருக்கிறேன். கீழே எழுதுவது அதிலிருந்துதான்.

என் அப்பாவுக்கு 76 வயது. சின்ன வயதில் ரப்பர் பால் வெட்டுக்குப் போனவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு குலை வெட்டினார். வேலையிலிருந்து ஓய்ந்ததும் முதல் காரியமாகப் பழைய சம்பான் ஒன்றை வாங்கி, ஓட்டை அடைத்து, சாயம் அடித்து எடுத்தார். இஞ்சின் கிடையாது. இரண்டு துடுப்பு, ஒரு டார்ச் லைட், இறால் பிடிக்கத் தூண்டில் கயிறுகள், ஒரு கூடை, ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி. ஆற்று இறால், அதாவது ஊடாங் காலா, நல்ல விலைக்குப் போகும். ஆனாலும் அப்பா காசுக்காகப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டில் உட்கார்ந்தால் முட்டி வலிக்கிறது, ஆற்றில் உட்கார்ந்தால் வலிக்கவில்லை என்பார்.

கடந்த மார்ச்சில் ஒரு சனிக்கிழமை. காலை ஆறே முக்கால் இருக்கும், கிழக்கு வெளுத்தும் வெளுக்காத நேரம். அப்பா நடு ஆற்றைத் தாண்டி நிப்பா பனை மரங்களின் ஓரத்துக்குத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். ஆற்று வளைவில் இஞ்சின் சத்தம் கேட்டது. உடனே டார்ச்சை எடுத்து அடித்திருக்கிறார். மூன்று முறை அடித்தேன் என்கிறார். வந்தது ஒரு பைபர் படகு. திசை மாறவில்லை, வேகமும் குறையவில்லை. பதினைந்து அடி தள்ளிக் கடந்துபோயிற்று. மோதவில்லை. மோதாமலே கவிழ்த்துவிட்டது. முதல் அலை சம்பானைத் தூக்கிப் போட்டது, இரண்டாவது அலை பக்கவாட்டில் அடித்தது, அவ்வளவுதான். படகில் நான்கு பேர். அவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். தண்ணீரில் விழுந்ததைக் கூட அப்பா இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார். அந்த ஆள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பதில்லை.

அக்கரைக் கிராமத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், நாங்கள் பாக் சூ என்று கூப்பிடுவோம். அன்றைக்கு சுபுத் தொழுகை முடித்துவிட்டுத் தன் படகுத் துறையில் நின்றிருந்தவருக்கு அப்பாவின் சத்தம் கேட்டிருக்கிறது. அவர் படகை எடுத்துக்கொண்டு வருவதற்குள், கவிழ்ந்த சம்பானைப் பிடித்தபடியே அப்பா கால் கிலோமீட்டர் தூரம் ஓட்டத்தில் போய்விட்டார். முழங்கையில் ஐந்து தையல். இடுப்பில் ரத்தம் கட்டி மூன்று வாரம் படுக்கை. ஒரு துடுப்பு போனது, பிளாஸ்க் போனது. சம்பான் கிடைத்தது.

இனி போன் கதை.

முதலில் ஒரு காவல் நிலையத்துக்குப் போனோம். மரியாதையாக உட்கார வைத்து ரிப்போர்ட் எடுத்தார்கள். அந்த இளைஞரைக் குறை சொல்ல மாட்டேன், அப்பாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டது அவர்தான். எல்லாம் எழுதிவிட்டு, "டீச்சர், தண்ணீரில் நடந்ததைப் பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் சொல்லுங்கள்" என்றார். யார் என்று கேட்டேன். அவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் ஒரு நம்பர் கொடுத்தார். அந்த நம்பரை எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, சம்பவம் நடந்தது பேராக் பக்கமா, சிலாங்கூர் பக்கமா என்பது.

நியாயமான கேள்விதான். பெர்னாம் இரண்டு மாநிலங்களுக்கும் எல்லை. படகு இறங்கியது அந்தக் கரைத் துறையிலிருந்து. அப்பா புறப்பட்டது இந்தக் கரையிலிருந்து. கவிழ்ந்தது ஏறக்குறைய நடுவில். தண்ணீரோடு போனது கடலைப் பார்த்து. கரையேறியது அந்தப் பக்கம். தையல் போட்டது இந்தப் பக்கம். ஆற்றின் நடுவில் யாராவது கோடு போட்டு வைத்திருந்தால் அப்பா அதைப் பார்த்து இந்தப் பக்கமாகவே விழுந்திருப்பார்.

அடுத்தது ஓர் உள்ளூர் அலுவலகம். ஜெட்டி, அதாவது படகுத் துறை, இருக்கும் நிலம் தங்களுடையது, அதில் குப்பை கிடந்தால், விளக்கு எரியாவிட்டால் வந்து பார்ப்போம், படிக்கட்டுக்குக் கீழே உள்ள தண்ணீருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். இன்னொன்று, ஆற்றைக் கவனிக்கும் அலுவலகம். கரை, வெள்ளம், தூர் எடுப்பது எல்லாம் தங்கள் வேலை, ஆற்றின் மேல் என்ன மிதக்கிறது என்பது தங்கள் வேலையில்லை என்றார்கள். மூன்றாவது, படகுகளோடு சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகம், எங்களிடமிருந்து வெகு தூரம். அங்கே பேசியவருக்கு விஷயம் புரிந்தது. படகின் பதிவு எண் என்ன என்று கேட்டார். எண் எதுவும் எழுதியிருக்கவில்லை. "எண் இல்லாமல் நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்போம்?" என்றார். எண் இல்லாமல் ஓடுவதே ஒரு புகார் இல்லையா என்று கேட்டேன். அதற்கு வேறு பிரிவு என்றார்.

இணையப் புகார் பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது: சாலை, கால்வாய், குப்பை, தெரு விளக்கு, மரம், நாய். ஆறும் இல்லை, படகும் இல்லை. 'மற்றவை' என்பதைத் தொட்டு, நடந்ததை எழுதி, காயத்தின் படம் இரண்டையும் போட்டேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. இந்தப் புகார் எங்கள் அதிகார வரம்புக்குள் வராது என்று ஒரு வரி. அதற்குக் கீழே பச்சை நிறத்தில் நிலவரம்: செலசாய். முடிந்துவிட்டதாம். எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை கணக்குக்கு விடை எழுதாமல் 'முற்றும்' என்று மட்டும் எழுதி நோட்டைக் கொடுத்தால் நான் சரி போட மாட்டேன்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்குக் கோபம் வந்தது. அப்பாவின் சம்பானில் விளக்கு இல்லை, அதனால் தவறு இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார் ஒருவர். சரி, அப்படியும் இருக்கலாமோ என்று யோசித்துத்தான் விதியைத் தேடிப் படித்தேன். கப்பல்களும் படகுகளும் மோதாமல் இருக்க 1972ஆம் ஆண்டு உலக நாடுகள் ஒத்துக்கொண்ட விதிகள் இருக்கின்றன. கடலுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். கடலோடு சேர்ந்து, கடலில் ஓடும் கப்பல் வந்துபோகக்கூடிய எல்லா நீருக்கும் அவை பொருந்தும் என்று முதல் விதியே சொல்கிறது. கடலுக்குப் போய்வரும் மீன்பிடிப் படகுகள் எங்கள் ஊர்ப் பக்கம் வரைக்கும் ஏறி வருகின்றன. 25ஆம் விதி துடுப்புப் போடும் படகைப் பற்றியது. அதில் நிலையான விளக்கு கட்டாயமில்லை. கையில் ஒரு டார்ச்சோ ஏற்றிய விளக்கோ தயாராக இருக்க வேண்டும், மோதலைத் தவிர்க்க நேரத்தோடு அதைக் காட்ட வேண்டும். அப்பா அதைத்தான் செய்தார். விதியைப் படித்தவர் இல்லை அவர், ஆறாம் வகுப்போடு நின்றவர். மறுபக்கத்துக்கு என்ன விதி? ஐந்தாவது விதி, எப்போதும் கண்ணும் காதும் திறந்து கவனித்தபடி ஓட்டு என்கிறது. ஆறாவது விதி, எதிரே ஏதாவது வந்தால் தக்க தூரத்தில் நிறுத்தும்படியான வேகத்தில் ஓட்டு என்கிறது. ஒன்பதாவது விதி, ஒடுக்கமான வழியில் உன் வலப்பக்க ஓரத்தை ஒட்டிப் போ என்கிறது. வளைவில் நட்டநடு ஆற்றில் இருட்டோடு பறந்து வந்தவரிடம் இந்த மூன்றையும் யார் கேட்டார்கள்?

வேகத்தைப் பற்றி இன்னொன்று. கரையிலிருந்து நாங்கள் கையைக் காட்டிக் கத்தினால் சிலர் வேகத்தைக் குறைக்கத்தான் செய்கிறார்கள். பாதி குறைப்பார்கள். அது இன்னும் மோசம். பைபர் படகு நல்ல வேகத்தில் தண்ணீரின் மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு போகும். நடந்து போகிற வேகத்தில் தண்ணீரோடு தாழ்ந்து அமைதியாகப் போகும். இரண்டுக்கும் நடுவில்தான் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் தண்ணீரைக் குடைந்துகொண்டு, மிகப் பெரிய அலையை எழுப்பும். அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் பலம் நான்கு மடங்காகிறது. இது நான் சொல்லும் கணக்கில்லை, அறிவியல் பாடம். அதனால் 'மெதுவாகச் செல்லவும்' என்று ஒரு பலகை வைத்துவிட்டுப் போனால் வேலைக்கு ஆகாது. பின்னால் அலையே எழாத வேகம் என்று எழுதினால்தான் படகுக்காரருக்குப் புரியும்.

இதே அலைதான் கரையையும் தின்கிறது. எங்கள் பக்கம் தோட்டங்கள் எல்லாம் களிமண் தாழ்நிலம். ஆற்றோரம் மேடு போட்டு, கால்வாய் வெட்டி, கதவு வைத்து, கடல் ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே வராமல் தடுத்து உண்டாக்கிய நிலம். நிப்பா வேர் பிடித்து நிற்கிற இடத்தில் மண் நிற்கிறது. வேர் வெளியே தெரிய ஆரம்பித்த இடங்கள் இப்போது எனக்கே ஏழெட்டுத் தெரியும். ஆனால் அது நீளமான கதை, அதற்குத் தோட்ட நிர்வாகங்கள் தனியாகக் கடிதம் எழுதட்டும். அவர்களுக்கு லெட்டர்ஹெட் இருக்கிறது.

அப்பாவுக்கு நடந்தது ஒரு தடவை நடந்த விபத்து என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆகஸ்டில் ஆடி அமாவாசைக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பிதுர்க் கடன் கொடுக்க ஜெட்டியின் படிக்கட்டை விட்டால் வேறு இடமில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் ஏற்றம் மிக அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அதாவது எங்கள் வயதானவர்கள் படியில் இறங்கி நிற்கிற அதே நாளில்தான் தண்ணீரும் படியின் மேல் ஏறி நிற்கிறது. அன்று காலை எட்டு மணிக்கு முப்பது பேருக்கு மேல் இருந்தோம். பூசாரி முழங்கால் தண்ணீரில் நின்றார். இரண்டு ஜெட் ஸ்கீ. துறைக்கு எதிரே வட்டம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை, எங்களைக் கவனித்தார்களா என்பதே சந்தேகம். மூன்றாவது வட்டத்தில் அலை வந்து இலையையும் பிண்டத்தையும் வாரிக்கொண்டு போயிற்று. அத்தை ஒருவர் வழுக்கி, படியின் விளிம்பில் முகம் இடித்து விழுந்தார். கைத்தாங்கலாகத் தூக்கியபோது அவர் கேட்டது, "எள்ளு தண்ணி விட்டாச்சா இல்லையா?" என்று. விடவில்லை. அவருடைய வீட்டுக்காரருக்கு இறைக்க வேண்டிய தண்ணீர் அது.

கூட்டத்திலிருந்த பையன்கள் நான்கைந்து பேர் கையில் போனை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். "டீச்சர், யாருக்குப் போன் போடுறது?" என்று கேட்டான் என்னிடம் படித்த ஒருவன். அந்தக் கேள்விக்கு ஐந்து மாதமாக அலைந்த என்னிடம் பதில் இல்லை. 999ஐ அழைக்கச் சொன்னேன், அத்தைக்கு ஆம்புலன்ஸ் வேண்டியிருந்தது. எடுத்தவர் நன்றாகப் பேசினார். இடம் எது, சாலையின் பெயர் என்ன என்று கேட்டார். ஜெட்டிக்குப் பெயர் கிடையாது. சாலையும் தோட்டத்து மண் சாலை. கோயிலின் பெயரைச் சொல்லி, எண்ணெய் ஆலையைச் சொல்லி, மூன்றாவது பாலத்தைச் சொல்லி, கடைசியில் ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் பெரிய சாலைக்குப் போய் நின்று ஆம்புலன்ஸை அழைத்து வந்தான். கரையில் விழுந்தவருக்கே இந்தப் பாடு. நடு ஆற்றில் விழுகிறவர் தன் இடத்தை எப்படிச் சொல்வார்?

இது ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள நான் கொஞ்சம் படித்தேன். ஒவ்வோர் அலுவலகமும் சொன்னது பொய்யில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் ஆறு, கால்வாய், நீர் எல்லாம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. படகோட்டமும் கப்பலோட்டமும், உள்நாட்டு நீரில் ஓடுவது உட்பட, கூட்டரசுப் பட்டியலில் இருக்கிறது. 1920ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் ஆற்றை அந்தந்த மாநில ஆட்சியாளரின் உடைமை என்கிறது. சிலாங்கூரில் 1999இல் தனிச் சட்டம் போட்டு நீர் நிர்வாகத்துக்கு ஒரு வாரியம் அமைத்தார்கள், பேராக்கின் ஏற்பாடு வேறு. படகுகளுக்கு 1952ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம். மீன்பிடிப் படகுகளுக்கு 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம். கடலுக்கு 2004இல் சட்டம் போட்டு உருவாக்கிய மாரிடிம் என்ற கடல்சார் அமலாக்க அமைப்பு. மரின் போலீஸ் தனி. ஜெட்டி நிலம் தனி. ஆக, தண்ணீர் ஒருவருடையது, அதன் மேல் மிதப்பது இன்னொருவருடையது, கரை மூன்றாமவருடையது, இவை எல்லாமே நடு ஆற்றில் இரண்டாக வேறு பிரிகின்றன. சட்டம் எழுதியவர்களுக்கு இப்படிப் பிரிக்கக் காரணம் இருந்திருக்கும். ஆனால் தண்ணீரில் தத்தளிக்கிறவன் அட்டவணை பார்த்துக் கூப்பிட முடியாது. உங்களுக்குள் எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வாசல் ஒன்று போதும்.

நாங்கள் படகுக்காரர்களுக்கு விரோதிகள் இல்லை. சனி, ஞாயிறு வெளியூர்க்காரர்கள் வண்டிக்குப் பின்னால் படகை இழுத்துக்கொண்டு தூண்டில் போட வருவதால் ஜெட்டி முனையில் இருக்கும் ரொட்டி சானாய்க் கடை பிழைக்கிறது. என் அண்ணன் மகனே நாற்பது குதிரைச் சக்தி இஞ்சின் வைத்திருக்கிறான், அவனும் ஒன்றும் புனிதன் இல்லை. எங்கள் பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன்: அப்பாவிடம் உயிர்காப்புச் சட்டை இல்லை. விபத்துக்குப் பிறகு ஆரஞ்சு நிறத்தில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாரம் சம்பானில் தலையணையாகப் பயன்பட்டது. பாக் சூ ஒருநாள் திட்டிய பிறகு போட்டுக்கொள்கிறார், மகள் சொன்னதற்காக இல்லை.

இவற்றை வைத்து உங்களிடம் கேட்பது இதுதான்.

முதலாவதும் முக்கியமானதும், ஆற்றுக்கு ஒரு நம்பர். இரு கரைகளிலும் உள்ள ஒவ்வொரு பொதுப் படகுத் துறையிலும் ஒரு பலகை வையுங்கள். அதில் இரண்டே வரி போதும். உயிருக்கு ஆபத்தென்றால் 999. ஆபத்தான படகோட்டம் என்றால் இந்த நம்பர். மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் நான்கிலும் எழுதுங்கள், எங்கள் வயதானவர்களில் பலருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். அந்த நம்பரை எந்த அலுவலகம் எடுத்தாலும் சரி, எங்களுக்கு அது முக்கியமில்லை. எடுக்கிறவர் 'இது எங்கள் வேலை இல்லை' என்று சொல்லக்கூடாது. புகாரை அவர் எழுதிக்கொள்ள வேண்டும், எங்களுக்குப் புகார் எண் தர வேண்டும், உரியவரிடம் சேர்ப்பது அவர் பொறுப்பாக இருக்க வேண்டும். சனி, ஞாயிறு காலையில் அந்த போன் எடுக்கப்பட வேண்டும். புதன்கிழமை மதியம் எங்கள் ஆற்றில் யாரும் பறப்பதில்லை.

அதற்கு முன், நீங்கள் எல்லாரும் ஒரு மேசையில் ஒரு முறை உட்கார வேண்டியிருக்கும். இரு மாவட்ட அலுவலகங்களும், காவல்துறையும், கடல்துறையும், நீர்ப்பாசன வடிகால் துறையும், நகராண்மையும். எதற்கு யார் பொறுப்பு என்று ஒரே பக்கத்தில் எழுதி வெளியிடுங்கள். நடு ஆற்றில் நடந்தால் எந்தக் கரை முதலில் கிளம்பும் என்பதையும் அதில் எழுதுங்கள். நானாக இருந்தால் அழைப்பு எந்தப் பக்கம் வந்ததோ அந்தப் பக்கம் கிளம்ப வேண்டும் என்பேன், எல்லைக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படகுத் துறைகளுக்கும் ஆற்று வளைவுகளுக்கும் எண் போட்ட கம்பங்கள் நடுங்கள். நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டால் ஓரத்தில் உள்ள கிலோமீட்டர் எண்ணைப் பார்த்துச் சொல்கிறோம். ஆற்றிலும் அப்படி 'ஏழாம் கம்பத்துக்குப் பக்கத்தில்' என்று சொல்ல முடிந்தால், கோயிலையும் ஆலையையும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அந்தப் பட்டியல் 999 மையத்திடமும் இருக்க வேண்டும்.

எங்கள் ஜெட்டி படிக்கட்டுக்கு எதிரிலும், சம்பான்கள் கட்டியிருக்கும் இரு கரைக் கிராமத்து ஓரங்களிலும், அலை எழாத வேகத்தில்தான் போக வேண்டும் என்று எல்லை குறித்து அறிவியுங்கள். ஜெட் ஸ்கீ விளையாட்டுக்குத் துறையிலிருந்து தள்ளி ஓர் இடம் ஒதுக்கலாம், ஆறு ஒன்றும் சின்னதில்லை. அமாவாசைக் காலைகளில் துறைக்கு எதிரே வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தால் எங்கள் நன்றி உங்களுக்கு உண்டு. தேதிகளைக் கோயில் நிர்வாகம் வருட ஆரம்பத்திலேயே எழுதித் தரும்.

பொதுப் படகுத் துறையில் இறங்கும் ஒவ்வொரு இஞ்சின் படகுக்கும் வெளியே தெரியும்படி எண் இருக்க வேண்டும். மீன்பிடிப் படகின் முன்பக்கத்தில் இருக்கிற எண்ணைக் கரையில் நின்றே படிக்க முடிகிறது. சொகுசுப் படகுகளில் மீன் படமும் பெயரும் இருக்கிறது, எண்ணைத் தேட வேண்டியிருக்கிறது. துறையில் ஒரு பதிவுப் புத்தகம் வைத்து, யார் இறங்கினார், எத்தனை பேர், உயிர்காப்புச் சட்டை எத்தனை என்று எழுத வைக்கலாம். ஆள் போட முடியாது என்றால் சொல்லுங்கள், ரொட்டி சானாய்க் கடைக்காரர் புத்தகத்தைத் தன் கல்லாவில் வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பிறகு, பச்சை நிறத்தில் முடிந்துவிட்ட என் புகாரைத் திரும்பத் திறங்கள். அந்தப் பட்டியலில் 'ஆறு, படகு' என்று ஒரு வரி சேருங்கள்.

அக்டோபர், நவம்பரில் மழை கூடி ஆறு ஏறும். அதன் பின்னாலேயே ஆண்டு இறுதி விடுமுறைக்கு வெளியூர்ப் படகுகள் வரிசையில் நிற்கும். பலகை வைப்பதற்குப் பெரிய செலவில்லை, விடுமுறைக்கு முன்பே முடியும். மற்றவற்றுக்குக் காலம் எடுக்கும் என்பது எனக்கும் தெரியும். எது எப்போது நடக்கும் என்று தேதி போட்டு, இந்த மடல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். இரு கரை அலுவலகங்களுக்கும் இதன் அச்சுப் பிரதியை நேரில் கொண்டுவந்து கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்வேன். பள்ளி முடிந்து இரண்டு மணிக்கு மேல்தான் வர முடியும். அப்பாவும் கூட வருவார், அவருக்கு ஒரு நாற்காலி வேண்டும்.

இப்படிக்கு,
பெர்னாம் ஆற்றங்கரைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்